எடைக்குப் போட்ட சரித்திரம்

போன மாசம் எங்க ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் ஒரு கூட்டம். எங்க ஊர்னா இப்போதைக்கு சியாட்டில் பக்கம். நிஜமான ஊர் நாகர்கோவிலுக்குக் கிழக்கே பஸ்ஸில் பத்து நிமிஷம். வீட்டுக்கு ஒரு ஐட்டம் என்று ஆளாளுக்குச் சமைத்துக் கொண்டுபோயிருந்தோம். தங்கமணி செய்த அவியல் வழக்கம்போல முதலில் தீர்ந்தது. (இதைச் சொல்லாமல் விட்டால் இன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு கிடையாது.)

சாப்பாட்டுக்கு அப்புறம் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் நூலகம் எரிந்ததைப் பற்றிப் பேசினார். 1981 ஜூன் முதல் நாள் விடியும்போது 97,000 புத்தகங்களும் சுவடிகளும் சாம்பல். அவர் அப்போது சின்னப் பையன். பேசி முடித்தபோது ஹாலில் ஒரு சத்தம் இல்லை. ஸ்பூனைக்கூட யாரும் அசைக்கவில்லை. அப்புறம் ஆளுக்கொரு கருத்து. நம் வரலாற்றைக் காப்பாற்றணும், குழந்தைகளுக்குச் சொல்லணும், கீழடி, கல்லணை, ராஜேந்திர சோழன் கப்பல் என்று போய்க்கொண்டிருந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். நாக்கில் சனி. "திருவனந்தபுரத்துல அய்யங்காளின்னு ஒருத்தர் இருந்தார், தெரியுமா?" என்று ஆரம்பித்தேன். வில்லு வண்டி, வயல் வேலைநிறுத்தம், பள்ளிக்கூடச் சண்டை என்று தெரிந்ததைச் சொன்னேன். வயசில் மூத்த ஒரு அண்ணன், நல்ல மனுஷர், எனக்கு இங்கே முதல் வேலை கிடைக்க உதவினவர், பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கேக்க நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இதுக்கெல்லாம் ரெக்கார்டு எங்க இருக்கு? எல்லாம் வாய்வழிக் கதைதானே?"

நான் வாயை மூடிக்கொண்டேன். பதில் தெரியாமல் இல்லை. அப்படி ஒரு ரெக்கார்டு எங்கே போனது என்று எனக்கு நன்றாகவே தெரியும் என்பதால்.

அண்ணே, அன்றைக்குச் சொல்லாத பதில்தான் இது. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு உட்காருங்க.

வெள்ளயம்பலத்து தலைப்பாகைக்காரர்

1999-லிருந்து நாலு வருஷம் நான் திருவனந்தபுரத்தில் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தேன். கழக்கூட்டத்தில் வேலை, சாஸ்தமங்கலத்தில் ரூம். தினமும் பஸ் வெள்ளயம்பலம் சந்திப்பைச் சுற்றித்தான் போகும். நடுவில் தலைப்பாகையும் கோட்டுமாக ஒரு சிலை. நாலு வருஷமும் அது யாரோ பழைய திவான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள்கூட இறங்கி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. எங்கள் ஊரும் 1956 வரைக்கும் அதே திருவிதாங்கூர்தான். என் பாட்டா வரி கட்டியது அந்த ராஜாவுக்குத்தான். அப்படியும் எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தலைப்பாகைக்காரர்தான் அய்யங்காளி. 1863-ல் வெங்ஙானூரில், புலையர் சமூகத்தில் பிறந்தவர். அவர் பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்னால், 1855-ல்தான் திருவிதாங்கூரில் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தார்கள். சட்டம் ஒழித்தது, வழக்கம் ஒழிக்கவில்லை. பொதுத் தெருவில் நடக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது. பள்ளிக்கூடத்து வாசல் பக்கமே வரக் கூடாது. 1893-ல் அவர் ஒரு வில்லு வண்டி வாங்கி, வேட்டியும் தலைப்பாகையும் கட்டிக்கொண்டு, எந்தத் தெருவில் நடக்கவே கூடாதோ அந்தத் தெருவில் வண்டியில் போனார். அடிக்க வந்தார்கள். திருப்பி அடித்தார்.

1907-ல் சாதுஜன பரிபாலன சங்கம் ஆரம்பித்தார். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்று வயல் வேலையை நிறுத்தினார்கள். கூலி அதிகம் கேட்டு நிறுத்துவார்கள், கேள்விப்பட்டிருக்கிறோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டு, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மனிதர் தலைமையில், பட்டினி கிடந்து வேலைநிறுத்தம் செய்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள், சொல்லுங்கள்.

1911-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு நியமிக்கப்பட்டார். 1937 ஜனவரியில் காந்தி வெங்ஙானூருக்கு வந்தபோது, சாவதற்குள் என் சமூகத்தில் பத்து பி.ஏ. பார்க்கணும் என்று சொன்னார். 1941-ல் இறந்துபோனார்.

சரி, இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? அங்கேதான் நான் சொல்ல வந்த ஆள் வருகிறார்.

சம்பளத்துக்கு ஒரு வேலை, சரித்திரத்துக்கு ஒரு வேலை

டி.எச்.பி. செந்தாரசேரி. 1928-ல் திருவல்லா பக்கம் ஓதரையில் பிறந்து திருவனந்தபுரத்தில் வாழ்ந்தவர். அவரும் தலித் சமூகத்தில் பிறந்தவர்தான். எந்தப் பல்கலைக்கழகத்திலும் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர் இல்லை. ஆராய்ச்சிக்கு மானியம், உதவிக்கு நாலு மாணவர்கள், ஒரு வருஷம் விடுமுறை, இதெல்லாம் வாய்த்தவர் இல்லை. சம்பளத்துக்கு ஒரு வேலை பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் யாரும் எழுதாத சரித்திரத்தை எழுதினவர்.

அவர் எழுதிய அய்யங்காளி வாழ்க்கை வரலாறு 1979-ல் வந்தது. அய்யங்காளி இறந்து 38 வருஷம் கழித்து. அந்த 38 வருஷத்தில் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். கூட நின்று அடி வாங்கியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். சங்கத்தின் காகிதங்கள் ஓலைக் குடிசையில் எத்தனை மழைக்குத் தாங்கும்? இன்னும் பத்து வருஷம் தள்ளிப் போயிருந்தால் கேட்பதற்கு ஆளே இருந்திருக்காது. வயசானவர்கள் நினைவில் வைத்திருந்ததையும், அச்சில் கிடந்த துண்டு துணுக்குகளையும் வைத்துக்கொண்டு அவர் ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கட்டி எழுப்பினார். அதோடு விடவில்லை. பொய்கையில் அப்பச்சன், பாம்பாடி ஜான் ஜோசப் என்று அடுத்தடுத்து எழுதிக்கொண்டே போனார். 2018-ல் இறந்தார். 90-ஐத் தொட்டுக்கொண்டிருந்த வயது.

நாள்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். 1979-ல் புத்தகம். 1980-ல் வெள்ளயம்பலத்தில் சிலை, இந்திரா காந்தி திறந்து வைத்தார். 2019-ல் விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலுக்கு அய்யங்காளி ஹால் என்று பெயர் மாற்றினார்கள். பாளையத்தில் இருக்கிற அந்த ஹாலில்தான் ஒரு காலத்தில் பிரஜா சபை கூடியது. ஒரு புத்தகத்தால்தான் சிலை வந்தது, ஹால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அதற்குப் பின்னால் சங்கங்கள் இருந்தன, ஓட்டும் இருந்தது. ஆனால் சிலை வைத்தாகிவிட்டது, இவர் யார் என்று ஒருவன் கேட்டால் கையில் கொடுக்க ஒரு புத்தகம் வேண்டுமில்லையா? அது தயாராக இருந்தது. நாலு வருஷம் பஸ்ஸில் போன நான்தான் கேட்கவில்லை.

செந்தாரசேரி இறந்த செய்தியைப் பார்த்த பிறகுதான், அடுத்த லீவில் திருவனந்தபுரத்தில் இறங்கி அந்தப் புத்தகத்தை வாங்கினேன். எனக்கு மலையாளம் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். விமானத்தில் ஆரம்பித்து, இங்கே வந்து ஒரு மாசம் ஆனது முடிக்க. மலையாளமே வேண்டாம் என்பவர்களுக்கு 2007-ல் எம். நிசாரும் நம்ம மீனா கந்தசாமியும் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகம் இருக்கிறது.

ரெக்கார்டு யாரிடம் இருக்கும்?

இப்போது அண்ணனின் கேள்விக்கு வருகிறேன்.

திருவனந்தபுரம் கோட்டைக்குள் 2022-ல் ஓலைச்சுவடிகளுக்கு என்றே ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். அங்கே போனால் மலைத்துப் போவீர்கள். நிலம், வரி, நிர்வாகம் என்று கட்டுக் கட்டாகச் சுவடிகள். பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஆவணங்கள் என்று ஒன்று உண்டு. கோயிலில் என்ன வந்தது, என்ன போனது என்று நூற்றாண்டுக் கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள். அருமையான விஷயம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நெல்லை நட்டவள் பெயரை அதில் தேடிப் பாருங்கள். அளந்த நெல்லுக்குக் கணக்கு இருக்கும். நட்ட கைக்கு இருக்காது.

ரெக்கார்டு எழுத என்ன வேண்டும்? எழுத்து தெரிய வேண்டும். ஓலையோ காகிதமோ வேண்டும். அதை வைக்க மழை ஒழுகாத வீடு வேண்டும். மூன்றையும் ஒருவனுக்குக் கிடைக்கவிடாமல் நூற்றாண்டுகள் தடுத்துவிட்டு, கடைசியில் அவன் பேரனைப் பார்த்து "உன் ரெக்கார்டு எங்கே?" என்று கேட்கிறோம். இதைவிட அநியாயமான கேள்வி இருக்கிறதா?

ஊரூட்டம்பலம் என்று ஒரு ஊர், காட்டாக்கடை பக்கம். பஞ்சமி என்ற சிறுமியை அய்யங்காளி அங்கே பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போனார். ஒரு புலையப் பெண் உட்கார்ந்த பெஞ்சில் எங்கள் பிள்ளைகள் உட்காருவதா என்று பள்ளிக்கூடத்தையே கொளுத்திவிட்டார்கள். அதில் கருகிய ஒரு பெஞ்சை இன்றும் அந்தப் பள்ளியில் வைத்திருக்கிறார்கள். அண்ணே, நீங்கள் கேட்ட ரெக்கார்டு அதுதான். சிலருடைய வரலாற்றில் கருகிய பெஞ்சு மட்டும்தான் மிஞ்சும்.

இதோடு இன்னொரு ஆளையும் சேர்த்துப் பார்க்கணும். சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை. திவானை எதிர்த்து எழுதியதற்காக 1910 செப்டம்பரில் நாடு கடத்தப்பட்டவர், அச்சகத்தையும் பறிமுதல் செய்தார்கள். 1912-லேயே மலையாளத்தில் கார்ல் மார்க்ஸ் வரலாறு எழுதியவர். பத்திரிகைச் சுதந்திரம் என்றால் கேரளத்தில் முதலில் வரும் பெயர். அவருக்கும் திருவனந்தபுரத்தில் சிலை உண்டு, தகுதியும் உண்டு. அதே மனிதர் அதே 1910-ல், புலையர் பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைப்பது குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவது மாதிரி என்று தலையங்கம் எழுதினார். அச்சகம் போனாலும் அவருடைய எழுத்து தப்பித்தது. அதைக் காப்பாற்றப் படித்த வாசகர்கள் இருந்தார்கள். அவர் எந்தப் பிள்ளைகளைப் பற்றி எழுதினாரோ அவர்கள் வீட்டில் அன்று என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை எழுதி வைக்க ஒருவரும் இல்லை. செந்தாரசேரி மாதிரி ஒருவர் அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து வந்து கேட்க வேண்டியிருந்தது.

"வாய்வழிக் கதையை எப்படி நம்புவது?"

நியாயமான சந்தேகம். நானும் நாள் முழுக்க டேட்டாவோடு மல்லுக்கட்டுகிறவன்தான். செந்தாரசேரி சொன்னதெல்லாம் கல்வெட்டு என்று நான் வாதாடவில்லை. வயல் வேலைநிறுத்தம், பள்ளிக்கூடச் சண்டை இவை நடந்த வருஷமே புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். எழுபது வயசுக்காரர் இருபது வயசில் நடந்ததைச் சொல்லும்போது நாலு வருஷம் முன்னே பின்னே போகத்தான் செய்யும். அதைச் சரிபார்க்கிறவர்கள் பார்க்கட்டும், பார்க்கவும் வேண்டும்.

ஆனால் சரிபார்ப்பது வேறு, தூக்கிப் போடுவது வேறு. அரசாங்கக் காகிதம் மட்டும் என்ன அரிச்சந்திரனா? 1915-ல் கொல்லம் பக்கம் பெரினாட்டில் புலையர் பெண்கள் கழுத்தில் கட்டாயமாகப் போட்டிருந்த கல்லுமாலையைக் கழற்றி எறிவது பற்றிக் கூட்டம் போட்டபோது அடிதடி நடந்து குடிசைகள் எரிந்தன. அதை அரசாங்கம் பார்த்தால் "கலகம்". கழுத்தில் மாலை போட்டிருந்தவள் பார்த்தால் விடுதலை. கலகம் என்று எழுதினது ரெக்கார்டு, விடுதலை என்று சொன்னது கதை என்றால், நாம் அளக்கிற மரக்காலிலேயே கோளாறு இருக்கிறது.

இன்னொன்று. பிரஜா சபை நடவடிக்கைகளை அரசாங்கமே அச்சிட்டது. 1912 முதல் அய்யங்காளி அங்கே நிலம் கேட்டதும் பள்ளி கேட்டதும் அதில் இருக்கின்றன. அந்தத் தொகுதிகள் அலமாரியிலேயேதான் இருந்தன. யாரும் ஒளித்து வைக்கவில்லை. படித்துப் பட்டம் வாங்கியவர்களுக்கு அதைத் திறந்து பார்க்கணும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். ரெக்கார்டு இல்லாததைவிட, தேட ஆள் இல்லாததுதான் பெரிய பிரச்சினை.

நம்ம பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது?

மலையாளிகளைக் குறை சொல்லி நாம் ஜாலியாகக் கிளம்பிவிட முடியாது. அய்யங்காளி சங்கம் ஆரம்பித்த அதே 1907-ல், சென்னை ராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையை ஆரம்பித்தார். ஒரு வருஷத்தில் பெயர் 'தமிழன்' என்று ஆனது. 1914-ல் அவர் இறக்கும்வரை எழுதினார். தமிழன் என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்திய மனிதரைப் பற்றி நம் பாடப் புத்தகத்தில் நான் ஒரு வரி படித்ததில்லை. நீங்கள் படித்தீர்களா?

அந்த இதழ்கள் எப்படித் தப்பின? அன்பு பொன்னோவியம் என்ற மனிதர் பல வருஷம் பத்திரமாக வைத்திருந்தார். அவரிடமிருந்து ஞான. அலாய்சியஸுக்குப் போய், 1999-ல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று தொகுப்பாக வெளியிட்டது. பத்திரிகை ஆரம்பித்து 92 வருஷம் கழித்து. நடுவில் அந்த ஒரு வீட்டில் கரையான் ஏறியிருந்தால்? யாராவது ஒரு மருமகன் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்திருந்தால்?

ஜெ. பாலசுப்பிரமணியம் எழுதிய புத்தகம் ஒன்று 2017-ல் வந்தது. 1869-லிருந்து 1943 வரை வந்த தலித் இதழ்களைப் பற்றியது. பல இதழ்கள் இன்று வெறும் பெயராகத்தான் இருக்கின்றன. ஒரு பிரதிகூடக் கண்ணில் படவில்லை. யாரும் அவற்றைப் பெட்ரோல் ஊற்றி எரிக்கவில்லை. போய்விட்டன.

பெரியார் பேச்சும் எழுத்தும் 1974-ல் மூன்று பெரிய தொகுதிகளாக வந்தது வே. ஆனைமுத்துவின் உழைப்பால். அம்பேத்கர் எழுத்துகள் 1979 முதல் மகாராஷ்டிர அரசு வெளியீடாக வர ஆரம்பித்ததற்குப் பின்னால் வசந்த் மூன் என்ற ஒரு மனிதர். எங்கே பார்த்தாலும் இதே கதைதான். பெரிய இயக்கம், பெரிய தலைவர், லட்சக்கணக்கில் தொண்டர்கள். காகிதத்தைக் காப்பாற்றியது மட்டும் ஒருத்தர், ரெண்டு பேர். அவர்கள் பெயரை நாம் சங்கத்துக் கூட்டத்தில் சொன்னதே இல்லை.

என் கதை

இவ்வளவு பேசிவிட்டேன். இப்போது எழுதக் கஷ்டமான பகுதி.

யாழ்ப்பாண நூலகத்தை எரித்தவர்களை எனக்கு நேரில் தெரியாது. எங்கள் வீட்டுப் பத்தாயப்புரையில் இருந்ததை அழித்தவனைத் தெரியும். தினமும் காலையில் ஷேவ் பண்ணும்போது பார்க்கிறேன்.

2011-ல் ஊருக்குப் போனபோது வீட்டை ஒழுங்குபடுத்தினோம். பத்தாயப்புரையில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே என் பாட்டாவின் நாள்வழி நோட்டுகள். எல்லாம் கொல்லம் ஆண்டுக் கணக்கு. 1098 என்று போட்டிருந்ததைப் பார்த்து, பாட்டா சோழர் காலத்து ஆளா என்று நானும் தம்பியும் சிரித்தோம். (கொல்லம் ஆண்டோடு 825 கூட்டணும். 1923 வரும்.) பக்கம் பக்கமாக நெல் கணக்கு. யாருக்கு எத்தனை நாழி அளந்தது, யாருக்குக் கடன் நெல், யார் எத்தனை நாள் வேலைக்கு வரவில்லை, அதற்கு எவ்வளவு பிடித்தது.

"இது என்னத்துக்கு மக்கா? கரையான் அரிச்சுக் கெடக்கு. தூக்கிப் போடு" என்றாள் அம்மை. தூக்கிப் போட்டேன். ஆக்கர்கடைக்காரர் (சென்னைக்காரர்களுக்கு: காயலான் கடை) எடை பார்த்து 340 ரூபாய் தந்தார். அந்தக் காசுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி இங்கே கொண்டுவந்தேன். ஆபீஸில் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

ஏழு வருஷம் கழித்து செந்தாரசேரி புத்தகத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. அந்த நோட்டில் இருந்தது நெல் கணக்கு மட்டும் இல்லை. பெயர்கள். எங்கள் வயலில் வேலை செய்தவர்களின் பெயர்கள். அப்பா பெயர் இருக்காது, வீட்டுப் பெயர் இருக்காது, சாதியும் பெயரும் மட்டும். ஓட்டுரிமை இல்லாத, பத்திரம் இல்லாத, பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஏறாத அந்த மனிதர்கள் இந்த உலகத்தில் இருந்தார்கள் என்பதற்கு இருந்த காகிதம் அநேகமாக அது ஒன்றுதான். அது அவர்கள் வீட்டில் இல்லை. எங்கள் வீட்டில் இருந்தது. அவர்கள் பேரனிடம் "ரெக்கார்டு எங்கே?" என்று கேட்டால் அவன் என்னைத்தான் கை காட்டணும்.

இதில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. அன்றைக்கு நோட்டைப் புரட்டியபோது "வேலைக்கு வராததற்குப் பிடித்தம்" என்ற இடத்தில் என் கண் ஒரு நிமிஷம் நின்றது. எனக்குப் பிடிக்கவில்லை. பாட்டா எனக்கு நல்ல மனிதர். மடியில் உட்கார வைத்துப் பனங்கற்கண்டு கொடுத்தவர். அந்தப் பக்கத்தை நான் பார்க்க விரும்பவில்லை. கரையான் ஒரு சாக்கு. வேண்டாததை அழிக்கக் கொள்ளி வேண்டியதில்லை, ஆக்கர்கடை போதும். நாம் காப்பாற்றுகிறதெல்லாம் நம்மைப் பெருமையாகக் காட்டுகிற காகிதங்களை மட்டும்தான் என்றால், அதற்கு வரலாறு என்று பெயர் இல்லை. ஆல்பம் என்று பெயர்.

இங்கே இருக்கிற நமக்கு என்ன?

"இதெல்லாம் ஊர்க் கதை, நம்ம பிள்ளைகளுக்கு சாதின்னா என்னன்னே தெரியாது, எதுக்குக் கிளறணும்?" என்று ஒரு கட்சி உண்டு. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர சபை சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தபோது இதே பேச்சு எங்கள் வீட்டு ஹாலிலேயே ஓடியது. அதே வருஷம் கலிஃபோர்னியாவில் இரு சபைகளிலும் நிறைவேறிய மசோதாவை அக்டோபரில் ஆளுநர் தள்ளிவிட்டார். அங்கேயும் இதே கேள்விதான்: "ஆதாரம் எங்கே?" சட்டம் வேணுமா வேண்டாமா என்பதில் உங்களுக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம். ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியாது என்றால், நாம் சொல்லவில்லை என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ராஜராஜனைச் சொல்கிறோம். பள்ளிக்கூடத்துக்காகப் பட்டினி கிடந்தவர்களைச் சொன்னால் குறைந்தா போய்விடுவோம்? நம் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூட பஸ்ஸில் ஏறும்போது யாரும் சாதி கேட்பதில்லையே, அந்த சுகம் எவ்வளவு பெரியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

சரி, உபதேசம் போதும். அடுத்த லீவில் ஊருக்குப் போகிறவர்களுக்கு உருப்படியாக நாலு விஷயம்.

வீட்டைச் சுத்தம் செய்யும்போது எழுத்து இருக்கிற எதையும் ஆக்கர்கடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு நாள் தள்ளி வையுங்கள். கணக்கு நோட்டு, கல்யாணப் பத்திரிகை, சங்க ரசீது, போராட்ட நோட்டீஸ், கடிதம், எதுவானாலும். போனிலேயே பக்கம் பக்கமாகப் படம் எடுக்கலாம். எந்த ஊர், யார் எழுதினது, எந்த வருஷம் என்று கூடவே குறித்து வையுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த தலைமுறைக்கு வெறும் படம்தான். லாமினேட் மட்டும் பண்ணித் தொலைக்காதீர்கள். உங்களால் வைத்துக்கொள்ள முடியாவிட்டால் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். ஈழத்து ஆவணங்கள் என்றால் 2005-லிருந்து நடக்கும் நூலகம் திட்டம் இருக்கிறது. எரிந்த நூலகத்துக்கு அழுதுவிட்டுச் சும்மா இருக்காமல் வேலையில் இறங்கியவர்கள் அவர்கள். கடைசியாக, அம்மையிடமும் ஆச்சியிடமும் கேட்டு போனில் பதிவு செய்யுங்கள். உங்கள் வீட்டுக் கதையை மட்டும் கேட்காதீர்கள். உங்கள் வீட்டு வயலில் யார் வேலை செய்தார்கள், எங்கே குடியிருந்தார்கள், கூலி என்ன என்றும் கேளுங்கள்.

நான் கேட்டேன். போன வாரம் அம்மையிடம் பாட்டா நோட்டைப் பற்றிப் பேச்செடுத்தபோது, "ஒண்ணு இங்கன கெடக்கு மக்கா, பால் கணக்கு எழுததுக்கு வச்சிருக்கேன்" என்றாள். பின்பக்கம் காலியாக இருந்ததாம். நாலு வருஷப் பால் கணக்குக்கு முன்னால் 1110-ஆம் ஆண்டு நெல் கணக்கு. தம்பியை விட்டுப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பதினோரு பெயர்கள் இருக்கின்றன.

அந்தப் பெயர்களை இங்கே போடவில்லை. முதலில் பார்க்க வேண்டியவர்கள் நீங்களோ நானோ இல்லை. மூன்று குடும்பங்கள் இன்னும் அதே ஊரில் இருப்பதாக அம்மை சொல்கிறாள். டிசம்பரில் போகிறேன். நோட்டை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகப் போகிறேன். "இத்தனை நாள் எங்க இருந்தது?" என்று கேட்பார்கள். மிச்சம் எங்கே என்றும் கேட்பார்கள். சிப்ஸ் கதையைச் சொல்லித்தான் ஆகணும்.

டிஸ்கி: அந்த அண்ணன் இதைப் படிப்பார் என்று தெரியும். கோபம் இல்லை அண்ணே. நீங்கள் கேட்காவிட்டால் நான் அம்மையிடம் கேட்டிருக்க மாட்டேன். அடுத்த கூட்டத்துக்கு அவியல் கூடுதலாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.